பேக்கப் வேண்டுமா, ஹோஸ்டிங் வேண்டுமா? வேலூர்ப் பக்கத்துத் தொழில்களுக்கு ஒரு விளக்கம்

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் சின்னதாகவும் நடுத்தரமாகவும் தொழில் நடத்துகிறவர்களிடம் இப்போதெல்லாம் இரண்டு பேர் இரண்டு கொட்டேஷனோடு வருகிறார்கள். ஒருவர், "உங்க டேட்டாவை கிளவுட்ல பேக்கப் எடுத்துடலாம்" என்கிறார். இன்னொருவர், "டேலியையே கிளவுட்ல ஏத்திடலாம் சார், எங்கிருந்து வேணும்னாலும் பார்க்கலாம்" என்கிறார். முதலாவது பேக்கப், இரண்டாவது ஹோஸ்டிங். இரண்டு தாளிலும் கிளவுட் என்று போட்டிருக்கிறது, அதாவது இணையம் வழியாகப் பயன்படுத்தும் வேறோர் இடத்துக் கம்ப்யூட்டர். ஒன்றின் வாடகை குறைவு, மற்றதன் வாடகை பல மடங்கு. சில முதலாளிகள் குறைந்த விலையைப் பார்த்து முதலாவதை எடுக்கிறார்கள். சிலர், விலை கூடியதில் எல்லாமே அடங்கியிருக்கும் என்று நம்பி இரண்டாவதை எடுக்கிறார்கள். இப்படி விலையை மட்டும் வைத்து எடுக்கிற முடிவு பின்னால் ரொம்பவே வலிக்கக்கூடியது. இரண்டும் ஒரே பொருளின் சின்ன சைஸ், பெரிய சைஸ் என்று நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். இவை செய்கிற வேலையே வேறு வேறு.

ஹோஸ்டிங் என்றால், உங்கள் வேலை ஓடுகிற இடத்தையே வாடகைக்கு எடுப்பது. உங்கள் மென்பொருளும் அதன் டேட்டாவும் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் ஒரு டேட்டா சென்டரின் (சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டர்களை வைத்து ஓட்டும் இடம்) சர்வரில் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஆட்கள் இணையம் வழியாக அங்கே போய் பில் போடுவார்கள், சரக்கு ஏற்றுவார்கள், கணக்கு பார்ப்பார்கள். பேக்கப் என்றால், வேலை வழக்கம்போல உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே நடக்கும். அந்த டேட்டாவின் நகல் மட்டும் தினமும், அல்லது சில மணி நேரத்துக்கு ஒருமுறை, வெளியே ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும். லாங் பஜாரில் கடையை வாடகைக்குப் பிடிப்பது ஒன்று. கடைக் கணக்குப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் காட்பாடியில் அண்ணன் வீட்டில் கொடுத்து வைப்பது வேறொன்று. கடையைப் பெரிதாகப் பிடித்துவிட்டதால் ஜெராக்ஸ் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஒரு சின்ன யூனிட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஆம்பூர்ப் பக்கம் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் டேலி என்ற கணக்கு மென்பொருள்: தோல் எத்தனை சதுர அடி வந்தது, எந்த சலானில் வந்தது, எத்தனை ஜோடி தைத்து அனுப்பினோம், கூலி பில் எவ்வளவு. இன்னொன்றில் தோலை எந்த வடிவில் வெட்டுவது என்று காட்டும் பேட்டர்ன் ஃபைல்கள், ஒவ்வொரு ஆர்ட்டிகிளுக்கும் (ஷூ மாடலுக்கும்) சைஸ்வாரியான கட்டிங் விவரம், பையர் அனுப்பிய படங்கள், மெயிலில் வந்த திருத்தங்கள். மாதம் பிறந்தால் ஆடிட்டர் ஆபீஸுக்கு டேலி டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்துப் போய் ஒரு பையன் கொடுத்துவிட்டு வருவான். அந்தப் பென்டிரைவ்தான் அந்த யூனிட்டுக்கு இருக்கும் ஒரே பேக்கப். அது பேக்கப் என்று அவர்களே நினைத்ததும் இல்லை.

இந்த யூனிட்டில் என்னென்ன நடக்கலாம்? முதலாவது, டேலி இருக்கும் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் காலையில் ஓட மறுக்கும். ஹார்ட் டிஸ்க் என்பது தேய்ந்து போகிற சாமான். எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. பேக்கப் இருந்தால் புது டிஸ்க் போட்டு, விண்டோஸ் ஏற்றி, டேலி ஏற்றி, நேற்று இரவு நகலை இறக்கி, மாலைக்குள் வேலையைத் தொடங்கலாம். ஹோஸ்டிங் இருந்தால் இதைவிடச் சுலபம்: பக்கத்துக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தால் போதும், டேட்டா இங்கே இல்லவே இல்லை. இந்த ஒரு சம்பவத்தில் ஹோஸ்டிங் ஜெயிக்கிறது. விற்க வருகிறவர்களும் இதைத்தான் உதாரணமாகச் சொல்வார்கள்.

இரண்டாவது சம்பவத்துக்கு வருவோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர், போன வருஷத்து ஆர்ட்டிகிள் என்று நினைத்து, நடப்பு ஆர்டரின் பேட்டர்ன் ஃபோல்டரை அழித்துவிடுகிறார். யாரும் கவனிக்கவில்லை. பத்து நாள் கழித்து ரிப்பீட் ஆர்டர் வருகிறது, தேடினால் இல்லை. இங்கே ஹோஸ்டிங் எந்த உதவியும் செய்யாது. சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் அழி என்றீர்கள், அது அழித்தது. சர்வரில் இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றுக்கொன்று பிரதி வைத்திருந்தாலும், அழித்தது இரண்டிலும் அதே நொடியில் அழிந்திருக்கும். பத்து நாளுக்கு முந்தைய நகல் ஒன்று எங்கோ தனியாக இருந்தால் மட்டும்தான் ஃபைல் திரும்பும்.

மூன்றாவது, ரேன்சம்வேர். பில் என்று பெயர் போட்டு வந்த மெயிலை யாரோ திறக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லா ஃபைலையும் அந்த நிரல் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கிறது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற இந்த வகை நிரல் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கிப்போட்டது. மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்ட அப்டேட்டைப் போடாமல் விட்டிருந்த கம்ப்யூட்டர்களில்தான் அது புகுந்தது. இந்த வகை நிரலின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எட்டிப்பிடிக்கக்கூடிய எல்லாவற்றையும் அது பூட்டும். சொருகியே விட்டிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க், நெட்வொர்க்கில் மற்றவர்களுக்கும் திறந்திருக்கும் ஷேர் ஃபோல்டர், ரிமோட் வழியாக எழுத முடிகிற சர்வர் ஃபோல்டர், எதையும் விடாது. ஆகவே பேக்கப் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரால் அழிக்கவோ மாற்றவோ முடியாத மாதிரி அந்த நகல் இருக்க வேண்டும். பேக்கப் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: "என் கம்ப்யூட்டரும் பாஸ்வேர்டும் திருடன் கையில் இருந்தால், அவனால் என் பழைய நகல்களை அழிக்க முடியுமா?" முடியாது என்று சொன்னால், எப்படி என்று விளக்கச் சொல்லுங்கள். குறித்த நாள் வரை யாராலும் அழிக்க முடியாதபடி நகலைப் பூட்டி வைக்கும் வசதி பெரிய சேவைகளில் இருக்கிறது. அது உங்கள் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது சம்பவம் நெட் போவது. ரோடு தோண்டும்போது கேபிள் அறுந்தால் அரை நாள் போய்விடும். பேக்கப் மட்டும் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பில் ஓடிக்கொண்டே இருக்கும், நகல் இரவு போய்ச் சேரும். எல்லாவற்றையும் ஹோஸ்டிங்கில் வைத்தவருக்கு அன்று ஆபீஸே நின்றுவிடும். அவசரத்துக்குப் போன் ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும் என்றாலும், ஹோஸ்டிங் எடுப்பவர்கள் இரண்டாவது இணைப்பு ஒன்றின் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். ஹோஸ்டிங் உங்கள் வேலை நிற்காமல் பார்க்கிறது. பேக்கப் உங்கள் உழைப்பு தொலையாமல் பார்க்கிறது. வேலை நின்றால் ஒருநாள் வருமானம் போகும். டேட்டா தொலைந்தால் யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாமல் போகும். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பக்கத்துச் சிறு தொழில்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் வேண்டியது பேக்கப்தான். ஹோஸ்டிங் அப்புறம், தேவை இருந்தால்.

பெரிய இடத்தில் வைத்தால் தொலையாது என்ற நம்பிக்கை

"சர்வரே டேட்டா சென்டர்ல இருக்கு, அதுக்கு எதுக்கு சார் பேக்கப்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று நள்ளிரவில் தீப்பிடித்து முழுக்க எரிந்துபோனது. அங்கே சர்வர் எடுத்திருந்த பலருக்கு வேறெங்கும் நகல் இல்லை. அவர்கள் டேட்டா அதோடு போனது. இன்னும் மோசமானது ஒன்று உண்டு. அதே நிறுவனத்திடம் பேக்கப்புக்கும் தனியாகப் பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் நகல்கள், சர்வர் இருந்த அதே கட்டிடத்திலேயே இருந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து எரிந்தன. வழக்கு நீதிமன்றம் போய், 2023இல் அந்த வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பானது. தீர்ப்பு கிடைத்தது, டேட்டா கிடைக்கவில்லை.

தென்கொரியாவில் நடந்தது இன்னும் அண்மையானது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் இருக்கும் அரசின் டேட்டா சென்டரில் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம், 858 டெராபைட், மொத்தமும் அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே நகலே எடுத்திருக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இப்படி நடந்திருக்கிறது.

ஆகவே ஹோஸ்டிங் கொட்டேஷனில் "பேக்கப் உண்டு" என்று ஒரு வரி இருந்தால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். அந்த நகல் எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை நாளுக்கு முந்தையது வரை கிடைக்கும், ஹோஸ்டிங் நிறுவனத்தோடு உங்களுக்குத் தகராறு வந்தாலும் அந்த நகல் உங்கள் கைக்கு வருமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் நேரான பதில் வராது. அதனால்தான் சர்வர் ஒருவரிடம், நகல் வேறொருவரிடம் என்று பிரித்து வைப்பது நல்லது.

நகல்கள் விஷயத்தில் உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: 3-2-1. டேட்டா மூன்று பிரதியாக இருக்க வேண்டும், இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். நம் ஷூ யூனிட்டுக்கு இதைப் பொருத்தினால் கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று, வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில் வைக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று, கிளவுடில் ஒன்று.  வேறு இடம் என்பதைத் தெருவுக்கு அடுத்த தெரு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோர ஊர்கள் வரிசையாகத் தண்ணீரில் நின்றன. ஆபீஸ் ஒரு கரையிலும் குடோன் அடுத்த ஊர்க் கரையிலும் இருந்தால் இரண்டுக்கும் ஆபத்து ஒன்றாகவே வரும்.

கூகுள் டிரைவில் போட்டால்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் எல்லாம் அடிப்படையில் சிங்க் செய்கிற சேவைகள். இங்கே இருக்கும் ஃபோல்டரும் அங்கே இருக்கும் ஃபோல்டரும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. ஆகவே இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே ரேன்சம்வேர் பூட்டினால் பூட்டிய ஃபைல் ஒழுங்காக அங்கே போய்ச் சேரும். கூகுள் டிரைவில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் தானாகவே போய்விடும். மேலே சொன்ன பேட்டர்ன் ஃபோல்டர் ஆறு மாதம் கழித்துத் தேடப்பட்டிருந்தால் கதை முடிந்தது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியும் ஜிமெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும்.

டேலி டேட்டா ஃபோல்டரை நேரடியாக டிரைவ் ஃபோல்டருக்குள் வைத்து ஓட்டுகிறவர்களையும் பார்க்க முடிகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டேலி திறந்திருக்கும்போது அதன் ஃபைல்கள் மாறிக்கொண்டே இருக்கும். பாதி எழுதிய நிலையில் சிங்க் அதை எடுத்துப் போனால், அங்கே போய்ச் சேர்வது பாதி பழசும் பாதி புதுசுமான ஒரு கலவை. நகல் எடுத்த மாதிரி இருக்கும், திறந்தால் திறக்காது. டேலி பிரைமிலேயே ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப் இருக்கிறது. கடை மூடும்போது அதை எடுத்து, அந்தப் பேக்கப் ஃபைலை வெளியே அனுப்புவதுதான் முறை. நாள்வாரியாகத் தேதி போட்ட ஃபோல்டர்களில் போட்டு வைத்தால், ஒருநாள் நகல் கெட்டிருந்தாலும் முந்தைய நாளுடையது இருக்கும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களும், அதன் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே முறையாக நகல் எடுக்கத் தெரிந்த பேக்கப் சேவையா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

யாருக்கு ஹோஸ்டிங்?

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் லாட்ஜ்களை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளிகளோடு வருகிறவர்கள் ரயில் ஏறும் முன்பே ரூம் கேட்கிறார்கள். முதலாளி ஒரு லாட்ஜில் இருப்பார், தம்பி பக்கத்துத் தெருவில் இன்னொன்றைப் பார்ப்பார். எந்த ரூம் காலி என்பது இரண்டு கவுண்ட்டரிலும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டிய கடமையும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் ஆள் வரும் தொழில் இது. இங்கே ஹோஸ்டிங்குக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. ஆனால் லாட்ஜுக்கென்று தனியாக சர்வர் எடுத்து மென்பொருள் ஏற்றி ஓட்டுவதைவிட, ரூம் நிர்வாகத்துக்கென்றே மாத வாடகையில் கிடைக்கும் இணைய மென்பொருளை எடுப்பதுதான் பெரும்பாலோருக்குச் சரிப்படும். அதிலும் வாரம் ஒருமுறை முழு விவரத்தையும் எக்செல் ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

ஆரணிப் பட்டு வியாபாரம் வேறு மாதிரி. கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் ஒருவர்தான். எந்தத் தறிக்கு எந்தப் பாவு கொடுத்தோம், சரிகை எத்தனை கிராம் போனது, கூலியில் எவ்வளவு முன்பணம் கழிக்க வேண்டும் என்பதுதான் அவர் டேட்டா. அதை வெளியிலிருந்து யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அது தொலைந்தால் எத்தனையோ நெசவாளர் குடும்பங்களோடு வாய்க்கணக்குப் பேச வேண்டிவரும். இரண்டு பக்கமும் மனம் கசக்கும். இவருக்கு நல்ல பேக்கப் ஒன்று போதும். ஆன்லைனில் புடவை விற்க இணையதளம் வைத்திருந்தால் அதற்கு ஹோஸ்டிங் ஏற்கெனவே இருக்கும். அந்த ஹோஸ்டிங்கில் இருப்பது புடவைப் படமும் விலையும்தான். வருஷா வருஷம் வெப்சைட்டுக்குப் பணம் கட்டுகிறோமே, கணக்கும் அதில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆடிட்டர் ஆபீஸ், இரண்டு ஊரில் கிளை வைத்திருக்கும் ஸ்கேன் சென்டர், சென்னையில் மெர்ச்சண்டைசர் (பையர்களின் ஆர்டரைக் கவனிப்பவர்) வைத்திருக்கும் தோல் ஏற்றுமதிக் கம்பெனி, இவர்களெல்லாம் பல இடத்திலிருந்து ஒரே டேட்டாவைத் தொட வேண்டியவர்கள். இவர்களுக்கு ஹோஸ்டிங், அதோடு தனியாகப் பேக்கப், இரண்டும் வேண்டும்.

இரண்டு எண்கள்

முடிவெடுக்க உதவும் இரண்டு எண்களை முதலாளியே உட்கார்ந்து எழுத வேண்டும். கம்ப்யூட்டர் பார்க்கிற பையனிடம் விடக் கூடாது.

ஒன்று: எவ்வளவு நேரத்து வேலை தொலைந்தால் திரும்பப் போட்டுக்கொள்ள முடியும்? ஒருநாள் பில்லைக் காகிதத்தைப் பார்த்து மறுபடி ஏற்ற முடியும் என்றால் இரவில் ஒரு நகல் போதும். காகிதமே இல்லாமல் நேராக கம்ப்யூட்டரில் போகிற தொழில் என்றால், மணிக்கு ஒரு நகல் வேண்டியிருக்கலாம். இரண்டு: எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்கும்? ஷூ யூனிட்டில் ஆபீஸ் ஒருநாள் நின்றாலும் தையல் மெஷின் ஓடும். லாட்ஜில் அரை மணி நேரம் நின்றால் கவுண்ட்டரில் கூட்டம் சேர்ந்துவிடும். முதல் எண் சின்னதாக இருந்தால் நல்ல பேக்கப்பில் காசு போடுங்கள். இரண்டாவது எண் சின்னதாக இருந்தால் ஹோஸ்டிங் பக்கம் பாருங்கள்.

ஹோஸ்டிங் விற்பவர்கள் 99.9 சதவீதம் ஓடும் என்று உறுதி கொடுப்பார்கள். கணக்குப் போட்டால், அது வருஷத்தில் கிட்டத்தட்ட 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று அனுமதி வாங்கிக்கொள்வது. அது பெரிய குறை இல்லை. ஆனால் அந்தச் சதவீதம் சர்வர் ஓடுவதைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் டேட்டா இருக்குமா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

நெட் வேகமும் சாவியும்

கிளவுட் பேக்கப் எடுக்கும் முன் உங்கள் இணைப்பின் அப்லோட் வேகத்தை, அதாவது டேட்டாவை வெளியே அனுப்பும் வேகத்தை, பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோட் வேகம். 100 ஜிபி டேட்டாவை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்ப, இடையே எதுவும் தடைபடாவிட்டாலும், 22 மணி நேரம் ஆகும். 50 எம்பிபிஎஸ் என்றால் நாலரை மணி நேரம். முதல் தடவைதான் இந்தப் பாடு. அதற்குப் பிறகு மாறியதை மட்டும் அனுப்பும் சேவையாக இருந்தால் தினமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் முழு நகலை ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஓட விடுங்கள். திரும்ப இறக்குவதற்கும் இதே கணக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். 500 ஜிபி பேட்டர்னும் படமும் வைத்திருப்பவர், ஆபத்து நாளில் எல்லாவற்றையும் கிளவுடிலிருந்து இறக்கிக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்குப் பீரோவில் இருக்கும் டிஸ்க்தான் முதலில் கைகொடுக்கும்.

நகல் வெளியே போகும் முன்பே, வேறு யாரும் படிக்க முடியாதபடி உங்கள் கம்ப்யூட்டரில் பூட்டப்பட்டுப் போக வேண்டும். அந்தப் பூட்டின் சாவி ஒரு நீளமான பாஸ்வேர்டு. சில சேவைகளில் அது உங்களிடம் மட்டுமே இருக்கும். தொலைந்தால் அந்த நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாது. ஆகவே அதைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டருக்குள் எழுதி வைத்தால் கம்ப்யூட்டரோடு அதுவும் போகும்.

இன்னொன்று, ரொம்பச் சாதாரணமாக நடப்பது: சேவையைப் பதிந்தபோது அன்றைக்கு வேலையிலிருந்த ஒருவரின் சொந்த மெயிலையும் போன் நம்பரையும் கொடுத்திருப்பார்கள். அவர் வேலையை விட்டுப் போய்விடுவார். ஓடிபி அவர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சேவையின் கணக்கு முதலாளி பெயரில், கம்பெனி மெயிலில், முதலாளி கையில் இருக்கும் நம்பரில் இருக்க வேண்டும். இன்றைக்கே திறந்து பாருங்கள்.

சட்டம் கேட்பது

பிரைவேட் லிமிடெட் உட்படக் கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இதில் விருப்பத்துக்கு இடமில்லை. கணக்குப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் அதன் பேக்கப் தினமும் எடுக்கப்பட்டு, இந்தியாவுக்குள்ளேயே இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிக் கணக்கு விதிகள் திருத்தப்பட்டன. புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதியாத தனி உரிமையாளர் தொழில் (புரொப்ரைட்டர்ஷிப்), பங்குதாரர் நிறுவனம் (பார்ட்னர்ஷிப்) என்றால் இந்த விதி வராது. ஆனால் ஜிஎஸ்டியில் பதிந்த எல்லோருமே, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டும். பேக்கப் சேவைகள் பல, பழைய நகலை 30 அல்லது 90 நாளில் அழித்துவிடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே மார்ச் 31 கணக்கு முடிந்ததும், அந்த வருஷத்து நகலைத் தனியாக, தானாக அழியாத இடத்தில் போட்டுவிட வேண்டும்.

சர்வர் இந்தியாவில் கிடைப்பது இப்போது சிரமமே இல்லை. அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் மையங்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் கணக்கு திறக்கும்போது எந்த ஊர் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் டேட்டா அமெரிக்காவில் போய் உட்கார்ந்துவிடக்கூடும்.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பேக்கப்பில் இடத்துக்கு ஏற்ற வாடகை, அது பெரும்பாலும் சீராக இருக்கும். ஹோஸ்டிங்கில் சர்வரின் சக்தி, இடம், விண்டோஸ் உரிமம், எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள், பராமரிப்புக்கு யார் என்று பல தலைப்புகள். டேட்டாவை வெளியே இறக்குவதற்குத் தனிக் கட்டணம் போடும் சேவைகளும் உண்டு. சர்வரை வாடகைக்குக் கொடுப்பவரும் அதைப் பராமரிப்பவரும் ஒருவரா, வேறு வேறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் அப்டேட் போடாததால் ஒரு சர்வருக்குள் திருடன் புகுந்தால், அது என் வேலையில் சேராது என்று இருவருமே சொல்லக்கூடும்.

திறந்து பார்க்காத நகல்

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், இரவு வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பதற்றம் வேண்டாம், பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், ஒன்றல்ல, பல முறைகளில் எடுத்துக்கொண்டிருந்ததாக நம்பிய நகல்கள் வேலை செய்யவில்லை. ஒரு வழியில் ஃபைலே உருவாகியிருக்கவில்லை. அது தோல்வியடைந்ததைச் சொல்ல வேண்டிய மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரம் முன்பு, வேறு ஒரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் நடந்த அத்தனையையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டது. அந்த நேர்மைக்காகவே அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

கம்ப்யூட்டரே தொழிலாக இருப்பவர்களுக்கு அப்படி என்றால், நம் ஆபீஸில் பச்சை நிறத்தில் ஒரு டிக் தெரிவதை மட்டும் நம்பக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, டேலி இல்லாத வேறு ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிளவுடிலிருந்து போன வாரத்து நகலை அதில் இறக்குங்கள். டேலியை ஏற்றி அந்த நகலை ரீஸ்டோர் செய்யுங்கள். ஒரு பார்ட்டியின் லெட்ஜரைத் திறந்து, பாக்கித் தொகை அன்றைய தேதிக்குச் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பேட்டர்ன் ஃபைல் ஒன்றைத் திறந்து சைஸ்கள் எல்லாம் வருகின்றனவா என்று பாருங்கள். ஆரம்பித்ததிலிருந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். ஆபத்து நாளில் ஆபீஸ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற கேள்விக்கு உண்மையான பதில் அந்த நேரம்தான். முதல் தடவை ஏதாவது ஒன்று கண்டிப்பாக இடிக்கும்: லைசன்ஸ் நம்பர் கிடைக்காது, பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது, ஒரு ஃபோல்டர் பேக்கப் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கும். அமைதியான ஒரு நாளில் அது தெரிந்துவிட்டால் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

இதை உங்களுக்குச் செய்து காட்டச் சொல்லி, விற்க வருகிறவரிடமே கேளுங்கள். பணம் கட்டும் முன், உங்கள் டேட்டாவில் கொஞ்சத்தை ஏற்றி, உங்கள் கண் முன்னால் திருப்பி எடுத்துக் காட்டட்டும். தெரிந்தவர்கள் தயங்காமல் செய்வார்கள். தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

அதே உட்காரலில், விலகுவதைப் பற்றியும் பேசிவிடுங்கள். சேவையை நிறுத்தினால் டேட்டாவை எந்த வடிவத்தில் கொடுப்பார்கள், அதற்குத் தனிப் பணம் உண்டா, வாடகை ஒருமாதம் தவறினால் எத்தனை நாள் கழித்து அழிப்பார்கள். ஹோஸ்டிங்கில் கடைசிக் கேள்வி மிக முக்கியம், ஏனென்றால் அங்கே இருப்பது உங்கள் ஒரே பிரதியாக இருக்கலாம். வாய்ச்சொல்லாக வேண்டாம், பதில்களை மெயிலில் கேட்டு வாங்கி, கொட்டேஷனோடு சேர்த்து ஃபைலில் போட்டுவிட்டு அப்புறம் முதல் மாத வாடகையைக் கட்டுங்கள்.